மாற்றுத்திறனாளர் ஆய்வியல் கருத்தரங்குகளும் இணையவழிப் பங்கேற்பும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

சாந்தோம் நெடுஞ்சாலையில் காது கேளாதோருக்கான சி.எஸ்.ஐ. பள்ளி உள்ளது. அச்சாலை வடக்கே காமராசர் சாலையாகத் தொடர்கிறது. அங்கே லேடி வெலிங்டன் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகமும், மேலும் வடக்கில் சென்னைப் பல்கலைக்கழகமும் அமைந்துள்ளன. இடையே மெரினாவில், சக்கர நாற்காலியில் அலையோரம் வரை செல்வதற்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதனைச் சேதப்படுத்தியது. பள்ளி, ஆணையரகம், பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் ஒரே வழித்தடத்தில் இருந்தும், அப்பள்ளியில் பயின்ற ஒருவர் ஆய்வாளராகிக் கருத்தரங்க மேடையில் கட்டுரை வாசிப்பது இன்றும் அரிது. மாற்றுத்திறனாளரையே பொருளாகக் கொண்ட கருத்தரங்குகளும் இதற்கு விலக்கல்ல. இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படும் இணையவழிப் பங்கேற்பு உண்மையில் எவரை உள்ளே அழைக்கிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பெருந்தொற்றுக்கால வழக்கம்

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய சில வாரங்களிலேயே தமிழ்த்துறைகள் இணையவழிக்கு மாறின. வினாடி வினாப் படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் கிடைத்த காலம் அது. தரத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். எனினும் படியேற இயலாதவரும், நெடும்பயணம் தாங்காதவரும், உதவியாளர் இன்றி வெளியூரில் தங்க முடியாதவரும் அப்போது ஒரே சொடுக்கில் அவைக்குள் வந்தனர். அதற்கு முன் அவர்கள் கேட்டபோதெல்லாம் ‘தொழில்நுட்ப வசதி இல்லை’ என்பதே விடையாக இருந்தது. எல்லோருக்கும் தேவைப்பட்டவுடன் அவ்வசதி சில வாரங்களில் உருவாயிற்று. பொதுத்தேவை நீங்கியபின் பல நிறுவனங்கள் நேரடி அமர்வுகளுக்கே திரும்பின. மாற்றுத்திறனாளரின் தேவை மட்டும் அங்கேயே நின்றது.

இதில் இழக்கப்படுவது கேட்கும் வாய்ப்பு மட்டுமன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் இரு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றது. 2022ஆம் ஆண்டு விதிமுறை அக்கட்டாயத்தை நீக்கியது. ஆயினும் 2018ஆம் ஆண்டுப் பணிநியமன விதிமுறையின் ஆய்வு மதிப்பெண் கணக்கில் உள்நாட்டில் நடைபெறும் பன்னாட்டுக் கருத்தரங்கக் கட்டுரைக்கு 5 மதிப்பெண்ணும், தேசியக் கருத்தரங்கக் கட்டுரைக்கு 3 மதிப்பெண்ணும் உண்டு. அவைக்கு வர இயலாமை பணி உயர்விலும் கணக்காகிறது.

எழுத்துருவும் கோப்பும்

இணைப்பு கிடைத்துவிட்டால் பங்கேற்பு கிடைத்துவிட்டது என்று கருதுவது பிழை. தமிழுக்கே உரிய ஒரு தடை இங்குண்டு. பார்வையற்ற ஆய்வாளர் திரைவாசிப்பான் மென்பொருளால் படிக்கிறார். அம்மென்பொருள் ஒருங்குறியை மட்டுமே தமிழாக அறியும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரை கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையே. தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இருந்தும் கட்டுரைகளைப் பாமினியில் அனுப்புமாறு கேட்கும் கருத்தரங்க அறிவிப்புகள் வழக்கொழியவில்லை. சுற்றறிக்கையை அச்சிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்டு, படமாக வருடி அனுப்பும் பழக்கம் அதனினும் மோசமானது. அழைப்பையே படிக்க இயலாதவருக்கு அமர்வின் இணைப்பால் பயனில்லை.

புறநானூற்றின் 28ஆம் பாடல் மக்கட்பிறப்பின் குறைகளை எட்டாக வகுக்கிறது. அதனைத் தொடக்கமாகக் கொண்டு சங்ககாலப் பார்வையை ஆராயும் கட்டுரை ஒன்றை, அக்குறைகளுள் ஒன்றோடு வாழும் ஆய்வாளர் தொகுப்பு நூலில் படிக்க முடியாமல் போவது இத்துறையின் முரண்.

செவித்திறன் குறைந்தோர் நிலை வேறு. பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் கருவிகள் அன்றாடத் தமிழில் ஓரளவு உதவக்கூடும். செய்யுள் அடியும் இலக்கணக் கலைச்சொல்லும் புலவர் பெயரும் வரும்போது அவற்றை நம்ப இயலாது. கட்டுரையின் முழு வடிவத்தை முந்தைய நாளே பங்கேற்பாளருக்கு அனுப்புவது செலவில்லாத மாற்று. ஆனால் கட்டுரையாளர்கள் இறுதி இரவில் எழுதுகிறார்கள் என்பது ஊரறிந்தது. சைகைமொழி பெயர்ப்பாளரோ இறுதிநேர ஏற்பாடாக இருக்க முடியாது. நீண்ட அமர்வில் இருவர் மாறிமாறிப் பணியாற்ற வேண்டும். கலைச்சொற்கள் அவர்களுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். திரையில் அவர்தம் கைகள் தெளிவாகத் தெரியவேண்டும். பேசுபவரின் முகத்தைப் பெரிதாக்கிப் பெயர்ப்பாளரை மூலைச் சதுரத்தில் ஒடுக்கும் திரையமைப்பு இம்மூன்றையும் வீணாக்கிவிடும்.

பங்கேற்பாளரும் பார்வையாளரும்

கலப்பு முறைக் கருத்தரங்குகளில் வேறொரு குறை தென்படுகிறது. அரங்கில் இருப்போர் கேட்கின்றனர், மறுக்கின்றனர், தேநீர் இடைவேளையில் அடுத்த ஆய்வுக்கு வழி தேடுகின்றனர். இணையத்தில் இருப்போர் ஒலிவாங்கி அணைக்கப்பட்ட நிலையில் நேரலையைப் பார்க்கின்றனர். அவர்கள் தட்டச்சிட்ட வினாவை நேரமின்மையைக் காட்டி ஒருங்கிணைப்பாளர் விட்டுவிடுகிறார். பொன்னாடை போர்த்துவதற்குக் கிடைக்கும் நேரம் அவ்வினாவுக்குக் கிடைப்பதில்லை.

இணையவழியைச் சாய்தளத்துக்குப் பதிலாகக் காட்டுவதையும் ஏற்க இயலாது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பு இங்குத் துணைசெய்யும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட விதி 15(1), அணுகல் தரங்களைப் பரிந்துரை அளவிலேயே நிறுத்தியதால் அச்சட்டத்துக்கு முரணானது என நீதிமன்றம் முடிவுசெய்தது. அணுகல்வசதி முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய கடமை. தனிநபரின் தேவைக்கேற்ற தகவமைப்பு அதன்மேல் வருவது என்று அது பிரித்துக் காட்டியது. அத்தீர்ப்புக்கு அடிப்படையான அறிக்கைகளுள் ஒன்றை அளித்தது நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம் என்பதும் நோக்கத்தக்கது.

இப்பகுப்பைக் கருத்தரங்குக்குப் பொருத்தினால், சாய்தளம், ஒருங்குறிக் கோப்பு, இணையவழி வாசிப்புரிமை ஆகியவை எவரும் கேட்கும் முன்னரே இருக்கவேண்டியவை. பெயர்ப்பாளர், கூடுதல் நேரம், உதவியாளருக்குக் கட்டணவிலக்கு ஆகியவற்றுக்குக் கேட்பதற்கான இடம் பதிவுப் படிவத்தில் வேண்டும். சைவ உணவா அசைவ உணவா எனக் கேட்கும் படிவத்தில் அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடமுண்டு.