குளமும் சாயப்பட்டறையும் கற்பிக்கும் உயிரியல்

விலங்கியல் மாணவர் தவளையை அறுத்துப் பார்த்துப் படித்த காலம் முடிந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. 2014-இல் முழுவதுமாக நிறுத்தச் சொன்னது. சரியான முடிவு. ஆனால் அந்த இடத்தைப் பல கல்லூரிகளில் பிடித்துக்கொண்டவை ரெக்கார்டு நோட்டும், வருடத்துக்கு ஒருமுறை பஸ் ஏறும் 'இன்டஸ்ட்ரியல் விசிட்'டும்தான். ஏதோ ஓர் ஆய்வு நிலையத்தில் அரை மணி நேரம் நின்று, சான்றிதழ் வாங்கி, மீதிப் பொழுதை ஊட்டியிலோ கொச்சியிலோ கழித்துத் திரும்புகிறார்கள். ஊர் பார்ப்பதில் தப்பில்லை. அதைக் களப்பயிற்சி என்று சொல்லி மதிப்பெண் போடுவதுதான் தப்பு.

பனியன் தொழில் வட்டாரமான திருமுருகன்பூண்டியின் மாணவர் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. ஊரை ஒட்டி ஓடும் நல்லாறு, ஊத்துக்குளி சாலைப் பக்கம் உள்ள நஞ்சராயன் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளம் 2022-இல் தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே 191 பறவை இனங்கள் பதிவாகியுள்ளன.

ஆண்டுதோறும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் கல்லூரி வளாகக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளைப் பட்டியலிட்டு இ-பேர்டு தளத்தில் பதிந்தால் போதும். செலவு மிகக் குறைவு. பதிவும் வீணாகப் போவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாக வருபவருக்குச் சிறு நீர்க்காகமும் கொண்டை நீர்க்காகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். முன்னதற்கு அலகு குட்டை. பின்னதற்கு நீண்டு மெலிந்து நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். பக்கத்தில் நின்று இதைக் காட்டித்தர ஆள் இல்லையென்றால் தப்பான பெயரே மனதில் பதிந்துவிடும். தளத்தில் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் இருந்தாலும், கற்றுக்கொடுப்பது அவர்கள் வேலையன்று. பொங்கலுக்கு மட்டும் போகிறவர் குளிர்கால விருந்தாளிகளைப் பார்த்திருப்பார். அவை போன பின் குளம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அதே கரைக்கு மாதம் ஒருமுறை போனவருக்குத்தான் மாற்றம் பிடிபடும்.

பறவைகளைவிட இந்த வட்டாரத்துக்கே உரிய பாடம் சாயப்பட்டறையில் இருக்கிறது. அதைத்தான் கல்லூரிகள் கண்டுகொள்வதில்லை. பனியன் துணிக்கு பயோ வாஷ் கொடுப்பது செல்லுலேஸ் நொதி. வெளுத்த துணியில் தங்கிய பெராக்சைடை நீக்குவது கேட்டலேஸ். புத்தகத்தில் படித்த நொதிகள் இங்கே தினமும் டன் கணக்கில் துணியைத் தொடுகின்றன. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதையடுத்து 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரலாறு எல்லோருக்கும் தெரியும். இன்று இயங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில், சவ்வு வடிகட்டிக்குப் போகும் முன் கழிவுநீரின் சுமையைக் குறைப்பவை நுண்ணுயிர்கள். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து அளவுகுடுவையில் ஊற்றி 30 நிமிடம் அசையாமல் வைத்தால், பழுப்புச் சேறு படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் காம்பில் மணி போல ஆடும் வோர்டிசெல்லா தெரியும். அவை நிறைய இருந்தால் தொட்டி நலமாக இருக்கிறது. இழை போன்ற பாக்டீரியா பெருகியிருந்தால் சேறு படியாது. இதைத் தானே பார்த்துச் சொன்ன மாணவர் நுண்ணுயிரியலை மறக்கமாட்டார்.

ஆனால் நிலையங்கள் வெளியாட்களை உள்ளே விடத் தயங்குகின்றன. மாசு பற்றிய பேச்சு வெளியே போகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. பாதுகாப்புக் கவலையும் நியாயமானது. கையுறையும் மேற்பார்வையும் இன்றி கழிவுநீரில் கை வைக்கக் கூடாது. உள்ளே விட்டாலும், இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் சம்பளமில்லாமல் கணக்கு எழுத வைக்கும் பழக்கமும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே படிப்போரில் பலர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளத்துக்கு வா என்றால், வசதியுள்ளவர் மட்டுமே வருவார். விருப்பப் பணியாக விட்டால் களக்கல்வி வசதியுள்ளவர்களோடு நின்றுவிடும். ஆகவே அது கால அட்டவணைக்குள், கல்லூரி நேரத்திலேயே, போக்குவரத்துச் செலவோடு நடக்க வேண்டும்.

பாரதியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு ஒரு தாளின் செய்முறை மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்கட்டும்: ஒரே குளக்கரை அல்லது ஒரே சுத்திகரிப்பு நிலையம், இரண்டு பருவம், மாதம் ஒருமுறை. முதல் ஆண்டில் ஒரே ஒரு கல்லூரி செய்து காட்டினாலும் போதும்.