சூரியக் காற்று மேசைக்கு வருமா?

தருமபுரிக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலைமேல் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களின் ஒளியைச் சேகரித்து வருகிறது. ஆனால் எந்தத் தொலைநோக்கியாலும் ஒரு விண்மீனின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கூட்டியோ வெப்பத்தைக் குறைத்தோ பார்க்க முடியாது. வானம் காட்டுவதைத்தான் காண முடியும். இந்தக் குறையை ஈடுகட்ட வந்ததே ஆய்வக வானியற்பியல். எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரியும் பிளாஸ்மாவைக் கலத்துக்குள் உண்டாக்கி, விண்வெளி நிகழ்வுகளை அதில் நடத்திப் பார்க்கும் முறை இது. இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தியாவில் இதன் தொடக்ககால முயற்சி ஒன்றுக்குத் தூண்டுகோல் நம் தென்கோடி வானம். காந்த நடுக்கோடு அங்கே செல்கிறது. அதன்மேல் சுமார் 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் வலுவான மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைய அதுவும் ஒரு காரணம். அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய 1963ஆம் ஆண்டிலேயே இயற்பியலாளர்கள் ஃபார்லியும் புனெமனும் தனித்தனியே ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். அந்த அடுக்கில் அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு மோதி மோதித் தேங்கி நிற்க, எலக்ட்ரான்கள் அவற்றைக் கடந்து விரைகின்றன. அந்த வேகம் அயனிகளுக்குரிய ஒலிவேகத்தைத் தாண்டினால் பிளாஸ்மா தானாகவே அலைபாயும். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் பி.ஐ. ஜானும் ஒய்.சி. சக்சேனாவும் 1975இல் இதை ஆய்வகப் பிளாஸ்மாவில் கண்டு அறிவித்தார்கள். ராக்கெட் அந்த அடுக்கைச் சில நொடிகளில் கடந்துவிடும். கலத்துக்குள் என்றால், எந்த வேகத்தில் அலை கிளம்புகிறது என்று திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆய்வக முறையின் முதல் பலம் இதுதான்.

இன்றைய கருவி லேசர். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. ரவீந்திர குமாரின் குழு செய்யும் சோதனையைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். வெற்றிடக் கலத்தில் ஒரு திண்மப் பொருள். அதன்மேல், ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட நீடிக்காத லேசர் துடிப்பு விழுகிறது. விழுந்த இடம் பிளாஸ்மாவாகிறது. எலக்ட்ரான்கள் உள்ளே பாய, பூமியினுடையதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வலிய காந்தப்புலம் எழுகிறது. வலுக்குறைந்த இரண்டாவது துடிப்பு சற்றுத் தாமதமாகப் போகிறது. அது பட்டுத் திரும்பும்போது ஒளியின் முனைவாக்கம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்துக் காந்தப்புலத்தைப் படமாக்குகிறார்கள். தாமதத்தை மாற்ற மாற்ற, புலம் கொந்தளிப்பாக உருமாறுவது படிப்படியாகத் தெரிகிறது.

இதன் பயனாக 2017இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெரிய சுழிகளிலிருந்து சிறிய சுழிகள் வரை ஆற்றல் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டும் கோடு, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மாவான சூரியக் காற்றில் விண்கலங்கள் அளந்த கோட்டை வெகுவாக ஒத்திருந்தது. கோடு ஓரிடத்தில் மடங்குவதுகூட இரண்டிலும் இருந்தது.

மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்மாவை விண்வெளியோடு ஒப்பிடுவது எந்தத் துணிவில்? பூண்டி நீரியல் ஆய்வு நிலையத்தில் அணைக்குச் சிறு மாதிரி கட்டி நீர் விட்டுப் பார்க்கும் அதே தத்துவம்தான். அளவு சுருங்கினாலும் விசைகளுக்கு இடையிலான விகிதங்கள் மாறாவிட்டால் ஓட்டத்தின் போக்கு மாறாது. சூப்பர்நோவா வெடிப்புக்கான இத்தகைய ஒப்புமை விதிகளை இயற்பியலாளர் ரியூட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வகுத்தார்கள்.

சிக்கலும் இங்கேதான். எல்லா விகிதங்களும் ஒருசேரப் பொருந்துவதில்லை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். பூமியருகே சூரியக் காற்றில் கன சென்டிமீட்டருக்குச் சில துகள்களே உண்டு. மோதல் அநேகமாக இல்லை. லேசர் பிளாஸ்மாவிலோ, கோடியைக் கோடியால் பெருக்கி மீண்டும் கோடியால் பெருக்கினால் வரும் அளவுக்குத் துகள்கள். மும்பைச் சோதனையில் கொந்தளிப்புக்கு ஆற்றல் தருபவை எலக்ட்ரான்கள். சூரியக் காற்றில் அயனிகள். கட்டுரையாளர்கள் இதை மறைக்கவில்லை. ஆற்றல் எங்கிருந்து வந்தாலும் கொந்தளிப்பின் கோடு ஒன்றே என்பதற்கு இதையே சான்றாக வைத்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்த வாதம் எதிர்ப்பக்கமும் வெட்டும். காரணம் எதுவானாலும் கோடு ஒன்றே என்றால், கோட்டைப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. தோற்ற ஒற்றுமை விளக்கமாகிவிடாது.

இந்தப் பாடம் பழையது. நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியான் பிர்க்லாண்ட் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், வெற்றிடப் பெட்டிக்குள் காந்தக் கோளம் ஒன்றை வைத்து மின்துகள்களை ஏவினார். கோளத்தின் துருவங்களைச் சுற்றி ஒளிவளையங்கள் தோன்றின. துருவ ஒளிக்கு மின்துகள்களே காரணம் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து நிலைத்தது. இத்தகைய சோதனையில் சனிக் கோளின் வளையங்களைப் போன்ற ஒளி தெரிந்ததும் சனியின் வளையங்களுக்கும் மின்துகள் விளக்கத்தை நீட்டினார், அது நிற்கவில்லை. முறை ஒன்றே, படங்களும் அழகானவையே. ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை.

ஒப்புமையை நம்பாமல் நேராக அளக்கும்போதுதான் இம்முறை அதிக வலுவோடு நிற்கிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், சூரியனின் உட்பகுதியை நெருங்கிய சூழலில், சுமார் 20 லட்சம் டிகிரி வெப்பத்தில், இரும்பு எவ்வளவு கதிர்வீச்சை விழுங்குகிறது என்று பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவு: அலைநீளத்தைப் பொறுத்து, கணக்கீடு சொன்னதைவிட 30 முதல் 400 சதவீதம் அதிகம். அதே தனிமம், ஏறத்தாழ அதே வெப்பம், கையில் ஓர் எண். பிறர் அதைச் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். சூரியனைப் பற்றிய கணக்குகளையே அது கேள்விக்கு உள்ளாக்கியது.

ஆக, ஆய்வகப் பிளாஸ்மா வானத்தின் நகல் அல்ல. கோட்பாட்டையும் கணினிக் கணக்கையும் உரைத்துப் பார்க்கும் கல் அது. அந்த வேலைக்கு அதற்கு நிகர் இல்லை. அதற்கு மேல் கேட்டால் ஏமாற்றம்தான். ‘ஆய்வகத்தில் சூரியன்’ என்று செய்தி வந்தால் வாசகர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எந்த விகிதம் பொருந்தியது? எது பொருந்தவில்லை? கிடைத்தது படமா, எண்ணா? தருமபுரிக் கல்லூரி மாணவருக்குப் பெரிய லேசர் கிடைக்காமல் போகலாம். ஒரு கண்ணாடிக் குழாய், வெற்றிடப் பம்பு, சில நூறு வோல்ட் மின்னழுத்தம் இருந்தால், ஆசிரியரின் மேற்பார்வையில் ஒளிரும் பிளாஸ்மாவை உண்டாக்கி அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கலாம். கல்லூரிகள் அந்த வாய்ப்பைத் தரட்டும். வானத்தோடு ஒப்பிடும் வேலையை அளந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.