பொன் தேடும் முதல் கருவி: மண்ணைக் கேட்டு வாங்குக

1980 செப்டம்பர் 26ஆம் நாள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் என்னும் சிற்றூரின் அருகே கெவின் ஹில்லியர் என்பவர் ‘மெட்டல் டிடெக்டர்’ எனப்படும் உலோகங்காட்டியைத் தரைமீது வீசியபடி நடந்துகொண்டிருந்தார். கருவி ஒலித்தது. சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில், நட்டு வைத்தாற்போல நிமிர்ந்து நின்றது ஒரு பொற்கட்டி. எடை 27 கிலோகிராமுக்குச் சற்று மேல்! ‘நம்பிக்கையின் கரம்’ என்று பெயர் பெற்ற அக்கட்டியை லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்று பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்தது. உலோகங்காட்டியால் கிடைத்த பொற்கட்டிகளுள் இதுவே மிகப் பெரியது என்பர்.

அன்று தொட்டு, பொன் தேடும் கருவி விற்போர் இக்கட்டியை விட்டபாடில்லை. புதிதாகக் கருவி வாங்க வருபவர் காதில் முதலில் விழுவது இக்கதைதான். ஆனால் கருவியைப் பற்றி இக்கதை நமக்கு என்ன சொல்கிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு முழம்கூட இல்லாத ஆழத்தில் கிடக்கும் 27 கிலோ உலோகத்தை எந்தக் கருவியும் அலறிக் காட்டிக் கொடுக்கும். அதே வட்டாரத்தில் மோலியாகுல் என்னுமிடத்தில் 1869இல் ஜான் டீசன், ரிச்சர்டு ஓட்ஸ் என்னும் இருவர் 70 கிலோகிராமுக்கும் மேற்பட்ட கட்டியைக் கருவி எதுவுமின்றியே கண்டெடுத்தனர். அது தரைமட்டத்திலிருந்து இரண்டு விரற்கிடை ஆழத்தில் கிடந்தது. புதியவர் தேடப்போவது இத்தகைய பூதங்களை அன்று. அவருக்குக் கிடைக்கக்கூடியது அரை கிராம், ஒரு கிராம், சில வேளை நெல்மணி அளவிலும் சிறிய பொன். கருவியைச் சோதிக்க வேண்டிய உரைகல் அந்த நெல்மணியே.

நம்மூரில் இது பழக்கமான பொழுதுபோக்கு அன்று. எனினும் ஒரு விளம்பரத் தாளை இயற்பியலைக் கொண்டு படிப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கருவியின் அடிப்படை, பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே. சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் இருப்பின் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன; அவை தம் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கி மேலே அனுப்புகின்றன. அதை உணர்ந்து ஒலியாக மாற்றினால் உலோகங்காட்டி ஆயிற்று. இதுவரை சிக்கல் ஏதுமில்லை. சிக்கலெல்லாம் உலோகத்தைச் சுற்றியுள்ளவற்றால் வருவது.

இக்கருவியின் பிறப்பிலேயே இதற்குச் சான்று உண்டு. 1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலுள் தங்கிய குண்டைத் தேடித் தர, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் ‘தூண்டல் தராசு’ என்னும் கருவியைக் கொண்டு வந்தார். சோதனைகளில் நன்றாக வேலை செய்த அக்கருவி நோயாளியிடம் தோற்றது. தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. போதாக்குறைக்குப் படுக்கையின் எஃகுக் கம்பிகளும் கருவியைக் குழப்பின. செப்டம்பரில் தலைவர் மறைந்தார்.

விக்டோரியாவில் அந்த எஃகுக் கம்பிகளின் இடத்தில் இருப்பது செம்மண். டனோலி, வெடர்பர்ன், டார்னகுல்லா போன்ற ஊர்களைச் சூழ்ந்த பொன்வயல்களின் மண்ணிலும் கற்களிலும் இரும்புத் தாதுக்கள் நிறைந்துள்ளன. மாக்னடைட்டு என்னும் தாது கருவியின் காந்தப்புலத்திற்கு உடனுக்குடன் மறுமொழி தருகிறது. மாகெமைட்டின் மிக நுண்ணிய துகள்கள் இன்னும் தொல்லையானவை: புலம் நின்ற பின்பும் சிறிது நேரம் காந்தத் தன்மையைப் பிடித்து வைத்திருந்து, பிறகே மெல்ல விடுகின்றன. ஒரு கிராம் பொன் தரும் குறிப்பைப் போல நூறு மடங்கு கூச்சலை இம்மண் எழுப்பினாலும் வியப்பில்லை. எனவே ஒரு கருவியின் தரம், அது எவ்வளவு பொன்னைக் கேட்கிறது என்பதைக் காட்டிலும் எவ்வளவு மண்ணைக் கேளாமல் விடுகிறது என்பதைப் பொறுத்தது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இடம் பெறுவதோ ஆழம்!

அந்த ஆழத்தைச் சற்றுப் பார்ப்போம். ஒரு சிறு பொருளிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, சுருளின் புலம் தொலைவின் முப்படிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. பொருள் திருப்பி அனுப்பும் புலமும் அவ்வாறே குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறாம் படி! சுருளின் அகலத்தைத் தாண்டிய ஆழங்களில், ஆழம் இரட்டித்தால் குறிப்பு அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ‘இரு மடங்கு திறன்’ என்று ஒரு கருவியைப் புகழ்ந்தால், அதனால் கூடும் ஆழம் எவ்வளவு என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டின் ஆறாம் படிமூலம் 1.12. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு, அவ்வளவே. அதுவும் மண் வாய் திறவாமல் இருந்தால்தான். திறன் இரட்டித்தால் மண்ணின் கூச்சலும் இரட்டிக்கும்.

இக்கணக்கு தெரிந்தவரை ஒரு வகை வியாபாரி ஏமாற்றவே முடியாது. கைப்பிடியில் சுழலும் கம்பியைப் பொருத்தி, ‘நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பொன்னைக் காட்டும்’ என்று விற்பவரைத்தான் சொல்கிறேன். இவற்றைக் கருவி என்பதே தகாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘குவாட்ரோ டிராக்கர்’ என்னும் வெற்றுப் பிளாஸ்டிக் பெட்டிக்கு 1996இல் அமெரிக்க நீதிமன்றம் தடை விதித்தது. இன்னொன்று, ‘ஏ.டி.இ. 651’. கோல்ப் பந்து தேடும் மலிவான விளையாட்டுப் பொருளிலிருந்து பிறந்த இதை, வெடிகுண்டு காட்டும் கருவியென்று ஈராக்குக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலையில் விற்றார் ஜேம்ஸ் மெக்கார்மிக். பாக்தாத் நகரச் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் அந்தக் கம்பியை நம்பி வண்டிகளை விட்டார்கள். குண்டுகள் நகருக்குள் சென்றன. 2013இல் லண்டனில் அவருக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. பொன் தேடுவோர் பணத்தை மட்டுமே இழக்கிறார்கள் என்று ஆறுதல் கொள்ளலாமா? ஏமாற்று ஒன்றேதான்.

இனி உண்மைக் கருவிகளுக்கு வருவோம். அவை பெரும்பாலும் இரண்டு குலத்தவை.

முதலாவது தொடரலைக் கருவி. வியாபாரிகள் வி.எல்.எஃப். என்று அழைப்பர். இதில் சுருள் ஓயாமல் ஓர் அதிர்வெண்ணில் அலையை அனுப்பிக்கொண்டும் மறுமொழியைக் கேட்டுக்கொண்டும் இருக்கும். இரண்டாவது துடிப்புக் கருவி, அதாவது ‘பல்ஸ்’ வகை. இது ஒரு துடிப்பை அனுப்பி, சட்டென நிறுத்தி, ஒரு கணம் பொறுத்து, எஞ்சி நிற்கும் எதிரொலியைக் கேட்கிறது. மாக்னடைட்டின் உடனடி மறுமொழி அதற்குள் ஓய்ந்துவிடுவதால் துடிப்புக் கருவிக்கு அது தொல்லை இல்லை. மாகெமைட்டின் பின்னிழுப்பு மட்டும் எஞ்சும். அது தேய்ந்து மறையும் முறை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதாகையால், வெவ்வேறு கணங்களில் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அதையும் பெரும்பாலும் நீக்கிவிடலாம். அடிலெய்டு நகரில் 1985இல் தோன்றிய மைன்லாப் நிறுவனம், புரூஸ் கேண்டியின் ஆய்வைக் கொண்டு 1995இல் வெளியிட்ட ‘எஸ்.டி. 2000’ இவ்வழியில் ஒரு திருப்பம். தொடரலைக் கருவிகள் திணறிக் கைவிட்ட வயல்களில் அது மீண்டும் பொன்னைக் காட்டியது.

அப்படியானால் துடிப்புக் கருவியையே வாங்கிவிடலாமே என்பீர்கள். அங்கேயும் ஒரு கணக்கு குறுக்கிடுகிறது. உலோக உருண்டையில் சுழல் மின்னோட்டம் நீடிக்கும் காலம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள தூய பொன்னுருண்டையில் (எடை சுமார் 80 கிராம்) அக்காலம் ஏறத்தாழ 500 மைக்ரோ விநாடி. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ளதில் (எடை சுமார் 80 மில்லிகிராம்) வெறும் 5 மைக்ரோ விநாடி! கருவி 10 மைக்ரோ விநாடி பொறுத்துக் கேட்கத் தொடங்கினால், அதற்குள் எதிரொலி ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இயற்கைப் பொன்னில் வெள்ளி கலந்திருப்பதால் கடத்துதிறன் குறைந்து, நிலைமை இன்னும் மோசமாகும். சிறு பொன்னைப் பிடிக்க உயர்ந்த அதிர்வெண் கொண்ட தொடரலைக் கருவியே கெட்டி. நாணயம் தேடும் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 15 கிலோ ஹெர்ட்ஸ் வரை இயங்க, பொன்னுக்கென அமைந்த மைன்லாப் ‘கோல்டு மான்ஸ்டர் 1000’ 45 கிலோ ஹெர்ட்ஸிலும், ஃபிஷர் ‘கோல்டு பக் 2’ 71 கிலோ ஹெர்ட்ஸிலும் இயங்குவது இக்காரணத்தால்தான். ஆனால் அதே உயர்ந்த அதிர்வெண் இரும்பு மண்ணையும் உப்பு மண்ணையும் உரக்கப் பேச வைக்கும்.

இன்னொன்றும் உண்டு. மண்ணைக் கழிக்கும் துடிப்புக் கருவி, மண்ணைப் போலவே தேயும் எதிரொலியுடைய பொன்னையும் சேர்த்துக் கழித்துவிடும். எல்லாக் கருவிகளிலும் இப்படி ஒரு குருட்டுப் பகுதி இருக்கிறது. விலைப்பட்டியலில் இதற்கு இடமில்லை.

திரையில் எண் காட்டும் கருவிகளைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. எண்ணைக் கொண்டு உலோகத்தை இனங்காணும் வசதி, நாணயம் தேடுவோருக்கு நல்லது. ஏனெனில் ஒரே வகை நாணயங்கள் ஒரே வடிவம், ஒரே கலவை உடையவை. பொற்கட்டிக்கு ஏது நிலையான எண்? அளவு மாறும், வடிவம் மாறும், வெள்ளியின் பங்கு மாறும். சிறிய பொன், சாக்லேட்டுச் சுற்றிய தாளைப் போலவே எண் காட்டும். ஆழத்தில் இரும்புக் கற்களுக்கிடையே உள்ள பொன்னைக் கருவி இரும்பென்றே சொல்லிவிடக்கூடும். ‘இரும்பை ஒதுக்கு’ என்று பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக நடப்பவர் பொன்னையும் ஒதுக்கிக்கொண்டே நடக்கிறார். முதல் ஆண்டில் ஒலித்ததையெல்லாம் தோண்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆணிகளும் ஈயக் குண்டுகளுமே மிகுதியாக வரும், அவைதாம் பயிற்சி.

கடையில் நடக்கும் செயல்விளக்கமும் ஒரு வேடிக்கை. கடைக்காரர் தம் விரலிலுள்ள பொன் மோதிரத்தைக் கழற்றிச் சுருளின் முன் ஆட்டுவார். கருவி தொலைவிலேயே கூவும். மோதிரம் ஒரு மூடிய சுற்று. அதில் மின்னோட்டம் தங்கு தடையின்றி ஓடும். அதே எடையுள்ள, கரடுமுரடான பொற்கட்டி அதில் ஒரு சிறு பங்கு குறிப்பையே தரும். தவிரவும், காற்றில் இரும்புத் தாது ஏது? மோதிரத்துக்குப் பதில் வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் துண்டில் ஒட்டி, நாம் தேடப்போகும் மண்ணிலேயே நான்கு விரற்கிடை ஆழத்தில் புதைத்துச் சோதிக்கக் கேட்க வேண்டும். மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காமல் திரும்புவதே மேல்.

சரி, முதலில் எதை வாங்குவது? விக்டோரியாவின் செம்மண்ணில் நடக்கப் போகிறவருக்கு, புத்தம் புதிய பகட்டான தொடரலைக் கருவியைவிட, எஸ்.டி. 2000இன் வழிவந்த பழைய துடிப்புக் கருவி ஒன்றைக் கைமாற்று விலைக்கு வாங்குவது நல்லது என்பேன். கனமானது, மின்கலத்தைத் தோளில் சுமக்க வேண்டும். இருந்தாலும் மண்ணோடு சண்டை குறைவு. கையில் பணம் குறைவென்றாலோ, பாறை மேற்பரப்புக்கு அருகே வந்து மண் மெல்லிதாக உள்ள இடங்களிலும் பழைய சுரங்கத்தார் குவித்த மண்மேடுகளிலும் மட்டுமே தேடப்போவதென்றாலோ, பொன்னுக்கென அமைந்த உயர் அதிர்வெண் தொடரலைக் கருவி போதும். தானாக மண்ணைச் சரிக்கட்டும் அமைப்பு அதில் இருக்க வேண்டும். சுருள் சிறியதாக இருக்கட்டும். பெரிய சுருள் பெரிய பொன்னை ஆழத்தில் காணும். நெல்மணியைத் தவறவிடும், மண்ணையும் மிகுதியாக வாரும். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி என்று விற்கப்படுவதைப் பொன்னுக்கு மட்டும் வாங்க வேண்டாம்.

கோலாரைப் பற்றி வாசகர்கள் கட்டாயம் கேட்பீர்கள். தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் பொன், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவே இருந்தது. துகளில் சுழல் மின்னோட்டம் நிலைப்பதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த உலோகங்காட்டியும் அத்தகைய பாறையின்முன் ஊமைதான். ஆற்று மணலிலுள்ள பொன்தூளுக்கும் இதே விதி. அங்கே அரிக்கும் தட்டே கருவி.

விக்டோரியாவில் தேடுவதற்கு ‘மைனர்ஸ் ரைட்’ என்னும் உரிமச் சீட்டு வேண்டும், பத்தாண்டுகளுக்குச் செல்லும். கையால் இயக்கும் கருவிகளால் மட்டுமே தோண்டலாம், தோண்டிய குழியை மூட வேண்டும். பொன்வயல் ஊர்களில் உலோகங்காட்டியை நாள் வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு. வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கருவி எத்தனை முறை ஒலித்தது, அவற்றுள் எத்தனை இடத்தில் மண்ணையும் கல்லையும் தவிர வேறொன்றும் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவரலாம். மாலையில் அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு கடைக்குப் போகட்டும்.