சடலமும் ஜனாஸாவும்

ஜனாஸா எரிப்புக் காலத்தில் எம்மவர் எழுதிய கவிதைகளை அண்மையில் ஒருசேர வாசித்தேன். நண்பர்கள் நறுக்கி வைத்திருந்த பத்திரிகைத் துண்டுகள், சிறு பிரசுரங்கள் எனக் கணிசமாக இருந்தன. அவற்றிலுள்ள கோபம் உண்மையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இக்கவிதைகள் மௌத்தானவரை யாருடைய கண்ணால் பார்க்கின்றன?

2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. கொவிட் தொற்றால் இறந்தவரின் சடலத்தை 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆகக் குறைந்தது 45 நிமிடங்கள் எரிக்க வேண்டுமென்றது. அடக்கம் செய்வதை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தும் இங்கே இடமில்லை. சட்டத்தின் கண்ணுக்கு ஓர் உடலும் அதற்கான வெப்பமும் நேரமும் தெரிந்தன. அடிப்படை உரிமை மனுக்கள் போனபோதோ வேறொரு பிரிப்பு முன்னே வந்தது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சியையும் மத நம்பிக்கையையும் மட்டுப்பாடின்றிக் காக்கிறது. 14ஆம் உறுப்புரை காக்கும் மத அனுட்டானத்தைப் பொதுச் சுகாதாரத்தின் பேரில் மட்டுப்படுத்தலாம். குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுவித்து அடக்குவது நம்பிக்கையா, அனுட்டானமா? எம் வீடுகளில் எவரும் ஒருபோதும் கேட்டிராத கேள்வி. 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால், காரணம் எதுவும் கூறாமலே, மனுக்களை விசாரணைக்கு எடுக்க மறுத்தது.

அரசியலின் கண் வேறு. அது தலைகளை எண்ணும். எரிப்பு நடந்துகொண்டிருந்த அதே 2020 ஒக்டோபரில் எம் பிரதிநிதிகள் சிலர், எதிர்க்கட்சியில் இருந்துகொண்டே, இருபதாவது திருத்தத்திற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 2021 பெப்ரவரி 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்தார். 25ஆம் திகதி அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானியும் வந்தது. நிலத்தடி நீர் மாசடையும் என்று அதுவரை சொல்லப்பட்டதே, அந்த நீர் இரண்டு நாளில் மாறிவிட்டதா என்ன!

எம் கவிஞர்கள் பெரும்பாலும் இவ்விரு மொழிகளையுமே கடன் வாங்கியிருக்கிறார்கள். ஒருசாரார் உரிமை, வழிகாட்டல், விஞ்ஞானம் என வாதாடுகிறார்கள். மறுசாரார் துரோகம், வாக்கு, இனவாதம் எனச் சாடுகிறார்கள். இரண்டிலும் பேசுவது 'நாம்'. டிசம்பரில் எரிக்கப்பட்ட 20 நாள் சிசுவைப் பற்றிய கவிதைகளிலும் சிசு ஒரு சின்னமாகவே கிடக்கிறது. மௌத்தானவர் யார், கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தவர் யார், தொலைபேசியில் செய்தி வந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்பவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த விடயத்தில் கவிதையைவிட மனுவையே நான் மேலாக மதிப்பேன். மனுதாரர் தன் பெயரில் பேசியாக வேண்டும். இறந்தவர் தனக்கு என்ன முறை, எந்த நாள், எந்த வைத்தியசாலை, யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதியாக வேண்டும். தோற்றுப்போன மனுவிலும் ஒரு மனிதர் இருக்கிறார். எம் கவிதைகளில் பலவற்றில் சமூகம் மாத்திரமே இருக்கிறது.

பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் அந்த டிசம்பரில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகளை நினைத்துப் பார்க்கிறேன். கட்டியவர்களில் சிங்களவர் இருந்தனர், தமிழர் இருந்தனர். கபன் கிடைக்காமல் போனவர்களுக்குத் துணியால் பேசினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டமை வேறு கதை. நான் வாசித்த கவிதைகள் பலவற்றைவிட அத்துணிகள் ஜனாஸாவுக்குக் கிட்ட நின்றன.

2021 மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அடக்கப்பட்டனர். முஸ்லிம் அல்லாதோரும் அங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கோரிவிட்டது. கண்டனக் கவிதைகளுக்கு இனிப் பெரிதாக வேலையில்லை. எழுதப்படாதவையோ நிறையக் கிடக்கின்றன. முதல் வர்த்தமானியிலேயே, உறவினர் கேட்டால் சாம்பலைக் கையளிக்கலாம் என்றும் இருந்தது. கப்றும் கத்தமும் மட்டுமே தெரிந்த ஒரு வீட்டில் அந்தச் சாம்பலை எங்கே வைப்பார்கள்? வேண்டாமென்று விட்டு வந்தவர்கள் வீடுவரை என்ன பேசிக்கொண்டு வந்திருப்பார்கள்? இதைத் தொட்ட ஒரு சிறுகதையை நான் இன்னும் வாசிக்கவில்லை.