திருச்சுற்றும் தூரிகையும்

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் வேணுகோபாலன் சன்னிதிப் பக்கம் மிஞ்சியிருக்கும் நாயக்கர் கால ஓவியங்களை வரைந்த கைகள் தம் பெயரை விட்டுச் செல்லவில்லை. அதனாலோ என்னவோ, சுவரோவியத்தை மதிப்பிட நம்மிடையே இரண்டு அளவுகோல்களே புழங்குகின்றன: எவ்வளவு பழையது, யாருடைய கதை. இரண்டும் போதா. சுவரின் நீளத்தையும் உயரத்தையும், அதன் முன்னே நடந்து போகிறவரையும் ஓவியர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்பதே முதலில் கேட்க வேண்டியது. அதற்கு விடை தேட, வேலை செய்த விதம் பதிவாகியிருக்கும் ஒருவரின் வாழ்க்கை வேண்டும். வங்காளத்து பினோத் பிஹாரி முகர்ஜியை (1904–1980) இந்த மலரில் பேச இன்னொரு நியாயமும் உண்டு. அவருடைய மிகப் பெரிய படைப்பில் நம் உடையவர், ராமானுஜர், இருக்கிறார்.

சிறுவயதிலிருந்தே அவருக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதன் கலாபவனத்தில் நந்தலால் போஸிடம் பயின்று, அங்கேயே ஆசிரியரானார். அந்தப் பள்ளியின் சுவரோவிய மரபு பல ஊற்றுகளிலிருந்து வந்தது: அஜந்தாவிலும் பாக் குகைகளிலும் நந்தலால் எடுத்த படிகள், ஜெய்ப்பூர்க் கைவினைஞர் நரசிங்லால் கற்பித்த சுண்ணாம்பு வேலை. 1940இல் மாணவர் விடுதியின் கூரையிலும் 1942இல் சீன பவனத்திலும் வரைந்த பினோத் பிஹாரி, 1946–47இல் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் இடைக்கால அடியார்களின் வாழ்வைத் தீட்டினார். ஈரச் சாந்தின் மீது வரையும் முறை அது. அன்றன்று முடிக்கக்கூடிய பகுதிக்கு மட்டுமே சாந்து பூச வேண்டும். அது உலர்வதற்குள் நீரில் கரைத்த வண்ணம் ஏறிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். கோடு பிசகினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி. இப்படிப்பட்ட வேலையை, முழு அளவு மாதிரித்தாள் ஏதும் இல்லாமல், சிறு வரைவுகளை மட்டும் துணைகொண்டு நேரே சுவரில் செய்தார், அதுவும் அந்தக் கண்ணோடு. ராமானுஜர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த் சிங் எல்லாரும் தனித்தனிச் சட்டங்களுக்குள் அடைபடாமல் சாதாரண சனங்களுக்கு நடுவே வருகிறார்கள். ஒருவரின் சாய்வு நம் பார்வையை அடுத்தவரிடம் கொண்டு சேர்க்கிறது. ஆறு ஓடுவதுபோல் ஓவியம் சுவர் விட்டுச் சுவர் தாவுகிறது. நம் கோயில் ஓவியங்களில் பட்டை பட்டையாக, அடியில் எழுத்தோடு, வலம் வருபவரின் நடைக்கேற்பக் கதை நகர்வதும் இதே அறிவுதான்.

உடையவருக்கு ஸ்ரீரங்கத்தில் ‘தானான திருமேனி’ என்று வணங்கப்படும் உருவமே இருக்க, ஆகமம் அறியாத ஒருவர் கற்பனையாக வரைந்ததை எப்படி அளவாகக் கொள்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சன்னிதியில் சேவிக்கப்படும் திருமேனிக்கு ஈடாக எந்த ஓவியத்தையும் வைக்க முடியாது; பினோத் பிஹாரியும் அப்படி வைக்க வரையவில்லை. ஆனால் எத்தனை கரம், எந்த ஆயுதம் என்று சொல்லும் இலக்கணம், நீண்ட சுவரில் உருவங்களை எங்கே நெருக்கி எங்கே விலக்குவது என்பதை ஓவியர் கைக்கே விட்டுவிடுகிறது. அங்கேதான் நல்ல ஓவியரும் சாதாரண ஓவியரும் பிரிகிறார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கோயில் வழிபடும் இடம், மங்கிய சித்திரத்தைக் காக்கும் காட்சியகமா? திருப்பணிதோறும் புதிதாக வரைந்தால் என்ன? தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார், ஆக, மேலெழுதுவதும் மரபுதான். ஆனால் அவர்கள் வேலை சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பாக நடந்தது. அதன் மேல் எனாமல் பெயின்டை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சே பொருக்குப் பொருக்காக உதிரும். பாரம்பரிய முறையில் நடந்த திருப்பணிக்காக ஸ்ரீரங்கம் கோயில் 2017இல் யுனெஸ்கோ விருது பெற்றது. கல்லுக்கும் சுதைக்கும் காட்டிய அந்தப் பொறுமை ஓவியச் சுவர்களுக்கும் முழுமையாக வாய்க்க வேண்டும்.

1950களின் பிற்பகுதியில் பினோத் பிஹாரி பார்வையை முற்றும் இழந்தார். அதற்குப் பிறகும், காகிதத்தை மடித்தும் வெட்டியும் உருவங்களைத் தீர்மானித்து, கலாபவனச் சுவரில் ஓடுகளால் ஒரு பெரிய ஓவியத்தை அமைத்தார். அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ஆவணப்படத்தில் அந்த வேலையைக் காணலாம். சுவரின் நீளத்தை அவர் நெஞ்சில் வைத்திருந்தார். அதனால்தான் கை தடுமாறவில்லை.