துரும்பும் சபையும்
முந்நூற்று நாலு ஆட்டத்தின் விதியும் ஒழுங்கும் பற்றி ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் நிலப்பரப்பைப் படுவான்கரை என வழங்குவர். அப்படுவான்கரையிலே போரதீவுப்பற்றின் நிருவாக மையமாகிய வெல்லாவெளியும் அதனைச் சூழ்ந்த வயற்கிராமங்களும் கூத்துக்கும் கண்ணகி வழிபாட்டுக்கும் பெயர் பெற்றவை. கூத்து, வசந்தன், கொம்புமுறி ஆகியவற்றைப் பற்றி நம் ஆய்வாளர்கள் ஆர்வத்துடன் எழுதியுள்ளனர். ஆயின், மரண வீட்டுப் பந்தலிலும் வயற்காவல் வாடியிலும் விடியுமட்டும் நடைபெறும் கடதாசி விளையாட்டு அவர்தம் கவனத்தைப் பெரிதும் பெற்றதில்லை. சூதென்று ஒருசாரார் அதனை ஒதுக்குவர். அந்நியச் சரக்கென்று மறுசாரார் புறக்கணிப்பர். இவ்விரு நோக்குகளும் ஆராயப்பட வேண்டியவை. விதி என்பது யாது, அதனைக் காப்பவர் யார் என்னும் வினாக்களைச் சாதாரண மக்கள் தாமே எழுப்பித் தாமே தீர்த்துக்கொள்ளும் களங்களுள் அவ்விளையாட்டும் ஒன்றாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இலங்கைத் தமிழரிடையே பரவலாக ஆடப்படும் முந்நூற்று நாலு என்னும் ஆட்டத்தையே ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஏழு முதல் ஆசு வரையான 32 கடதாசிகளைக் கொண்டு நால்வர் ஆடுவது இது. எதிரெதிரே இருப்போர் கூட்டாளிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 எனப் புள்ளிகள் வகுக்கப்பட்டுள்ளன. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஆகவே ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்காக அமைந்துவிட்டது. முதலில் ஆளுக்கு நான்கு கடதாசிகள் போடப்படும். அந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, இத்தனை புள்ளி எடுப்போம் என ஒருவர் கேட்க வேண்டும். பொதுவாகக் கேள்வி 160இலே தொடங்கும்; அது மொத்தத்தில் பாதியைச் சற்றே கடந்த எண். அதிகம் கேட்டவர் துரும்பைத் தெரிந்து கவிழ்த்து வைப்பார். அதன் பின்னரே எஞ்சிய நான்கு கடதாசிகளும் கைக்கு வரும். பாதி அறிவோடு வாக்குக் கொடுத்து, முழு அறிவு வந்தபின் அவ்வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதே இவ்வாட்டத்தின் அடிப்படை.

அந்நியச் சரக்கு என்னும் வாதத்தை முதலில் நோக்குவோம். ஜாக்கும் ஒன்பதும் இராசாவையும் ஆசையும் மேவும் முறை ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் முதலான ஐரோப்பிய ஆட்டங்களிலும் உண்டு. அங்கே துரும்பினத்தில் மட்டும் நிலவும் அவ்வுயர்வு, இங்கே நான்கினத்துக்கும் உரியதாகியுள்ளது. மட்டக்களப்புக் கோட்டை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. 1796 வரை இத்தீவின் கரையோரங்கள் அவர்கள் ஆட்சியில் இருந்தன. ஆட்டம் வந்த வழி அதுவாக இருத்தல் கூடும். ஆயினும் இரவல் பெற்றதை மாற்றித் தமதாக்கியோர் இங்குள்ள மக்களே. துரும்பு என்னும் சொல்லையே பாருங்கள். போர்த்துக்கேய, ஒல்லாந்த மொழிகளில் வெட்டுக் கடதாசியைக் குறிக்கும் சொற்களோடு உறவுடைய அது, தமிழில் வைக்கோற் சிறு துண்டைக் குறிக்கும் சொல்லோடு வந்து இணைந்தது. இராசாவை வெட்டும் ஏழுக்கு அதனினும் பொருத்தமான பெயர் வேறுண்டோ?

சூது என்னும் குற்றச்சாட்டு வலிமையானது. வள்ளுவர் 94ஆம் அதிகாரம் முழுவதையும் அதன் கேட்டைச் சொல்லவே ஒதுக்கினார். ஆங்கிலேய ஆட்சியில் 1889இல் சூதாட்டக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பணம் வைத்து ஆடிக் குடும்பங்களைக் கெடுத்தோர் நம் ஊர்களிலும் உளர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வள்ளுவரும் சட்டமும் கண்டித்தது பொருளாசையையும் பந்தயத்தையுமே. முந்நூற்று நாலில் வெற்றி தோல்வி கற்களைக் கொடுத்து வாங்குவதாற் கணக்கிடப்படும். பந்தயத்தை நீக்கினாலும் ஆட்டம் குன்றாது நிற்கும். பந்தயம் இல்லாதவிடத்தும் மக்கள் ஏன் இத்தனை சினத்தோடு வாதிடுகின்றனர் என்பதே விமரிசகன் கேட்க வேண்டிய கேள்வி.

அவ்வாதங்களை நுணுகி நோக்கின் மூவகை ஒழுங்குகள் ஒன்றோடொன்று மோதுவதைக் காணலாம். முதலாவது, ஆட்டத்தை ஆட்டமாக்கும் விதி. கையில் அதே இனம் இருந்தால் அதனையே இறக்க வேண்டும் என்பது அத்தகையது. அதனை நீக்கினால் ஆட்டமே இல்லை. இரண்டாவது, ஊர் வழக்கு. எந்த எண்ணில் கேள்வி தொடங்கும், கூட்டாளியின் கேள்வியை மேவிக் கேட்பதற்கு வரம்பு யாது, தோல்விக்கு எத்தனை கல் என்பன ஊருக்கு ஊர் வேறுபடும். மூன்றாவது, இருக்கைப் பண்பு. கண் காட்டாமை, முனகாமை, பிழைவிட்ட கூட்டாளியை நாலுபேர் முன்னிலையில் இழிவுபடுத்தாமை என்பன அதில் அடங்கும். எழுவான்கரையார் ஒருவர் வாவி கடந்து படுவான்கரை மரண வீட்டுக்கு வந்து பாயில் அமரும்போது முதல்வகை விதியில் முரண்பாடு எழுவதில்லை. சண்டை இரண்டாம் வகையிலே தோன்றி மூன்றாம் வகையிலே முற்றும். ஊர் வழக்கை இயற்கை நியதியென்று எண்ணுவோரே பெரும்பாலும் பண்பையும் மீறுவர்.

இவ்வாட்டத்தின் மிக நுட்பமான விதி, மூடிய துரும்போடு ஆடும்போது செயற்படுவது. இறக்கப்பட்ட இனம் தன் கையில் இல்லாதவர் ஒரு கடதாசியைக் கவிழ்த்துப் போடுவார். அது துரும்பா அன்றா என்பதைத் துரும்பு வைத்தவரே எடுத்துப் பார்ப்பார். துரும்பாயின் அதனைக் காட்டுவார். அன்றேல் கவிழ்ந்தபடியே விடுவார். எதிரணியின் வெட்டை மறைப்பதில் எவருக்கு இலாபம் உண்டோ அவரிடமே தீர்ப்பு ஒப்படைக்கப்படுகின்றது. இது விதியின் குறைபாடு போலத் தோன்றலாம். உண்மையில் விதி தன் எல்லையை உணர்ந்து நம்பிக்கைக்கு இடம் விட்ட இடம் அது. கடதாசியைப் போட்டவருக்கும் உண்மை தெரியும். ஆட்டம் முடிந்தபின் யாவும் புரட்டப்படும். பொய்க்கு ஆயுள் சிறிது. பொய்யனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை.

மற்றொரு விதி பேச்சையும் மௌனத்தையும் பற்றியது. எட்டுப் பிடிகளும் தம் பக்கத்துக்கே வரும் என்பது உறுதியானவுடன் அதனை வாய்விட்டு உரைத்தல் வேண்டும். உரிய வேளையிற் சொல்லாது விட்டாலும், உறுதியில்லாதபோது சொன்னாலும் தண்டம் உண்டு. கூட்டாளியிடம் ஒரு சொல்லும் பேசலாகாது எனத் தடுக்கும் அதே பாயில், அறிந்ததைச் சொல்லாமை குற்றமாகின்றது. அந்த நேரத்தில் அவர் அறிந்திருந்தாரா என்பதை எவ்வாறு நிறுவுவது? விழுந்த கடதாசிகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து மீட்டு, இன்ன பிடியிலே இவருக்கு எல்லாம் தெளிவாகியிருக்க வேண்டும் எனக் காரணங்காட்டி வாதிடுவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் அளவை நூலார்போல் நின்று தருக்கிக்கும் காட்சி அது.

விதிகள் ஒன்றோடொன்று பின்னி எழுப்பும் இத்தகைய வினா நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. தன்னைத் தோற்ற பின்னர் என்னை வைத்தாடத் தருமனுக்கு உரிமை உண்டா எனத் திரௌபதி கேட்டாள். வில்லிபுத்தூரார் பாடிய கதையைப் பாரதி, 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்திலே மீண்டும் எழுப்பினான். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிற் சடங்குகள் ஆண்டுதோறும் அக்கதையை இம்மண்ணில் நிகழ்த்துகின்றன. அவளுடைய வினா முதற்கண் ஆட்ட விதியைப் பற்றிய வினாவே. வீடுமன் நூல் வழக்கைக் காட்டி ஒதுங்கினான். ஏனைய பெரியோர் வாய்திறவாது இருந்தனர். எதிர்த்தரப்பைச் சேர்ந்த இளையவனாகிய விகர்ணன் மட்டுமே எழுந்து நியாயம் உரைத்தான். விதி தெரிந்தோர் சொல்லாது விட்ட சபை அது. அறிந்ததைச் சொல்லாதவனுக்குத் தண்டம் விதிக்கும் நம் கிராமத்துப் பாய், இவ்வொன்றிலாவது அத்தினாபுரத்துச் சபையினும் மேலானது எனலாம்.

ஆயின் அப்பாயையும் அளவுக்கு மீறிப் போற்றுதல் தகாது. வழக்கு எழுதப்படாதபோது அதனை உரைப்பவர் யார் என்பதே தீர்ப்பாகிவிடுகின்றது. வயதிலோ வசதியிலோ மூத்தவர் “எங்கள் ஊரில் இப்படித்தான்” என்றால் இளையவரின் தருக்கம் அடங்கிவிடும். கொம்புமுறியிலே வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து ஒருவரையொருவர் ஏசிப் பாடுவதற்கும் இடமுண்டு. அவ்வேசலுக்குக் கண்ணகியின் சடங்கு எல்லை வகுத்தது. கடதாசிப் பாயிலோ தெய்வமில்லை. அங்கே எல்லையை வகுக்க வேண்டியவர்கள் ஆடுவோரே. எனவே ஏச்சு எல்லை கடந்தால், அது அங்கு அமர்ந்திருந்த எல்லோருடைய தவறுமாகும்.

இன்னொன்றும் உண்டு. மட்டக்களப்பு வழக்கிலே வீடு பெரும்பாலும் பெண்வழியே செல்வது. மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டு முற்றத்திலே ஆண்கள் வட்டமிட்டு ஆடுவர். வீட்டுக்குரியவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு அவ்வட்டத்தில் இடமில்லை என்று ஆட்ட விதி எதுவும் கூறவில்லை, வழக்கே கூறுகின்றது. விதியையும் வழக்கையும் பிரித்தறியும் பயிற்சியை இவ்வாட்டம் தருமாயின், அப்பயிற்சி முதலில் இவ்விடத்திலன்றோ பயன்பட வேண்டும்?

விஸ்ட் என்னும் ஆட்டத்துக்கு எட்மண்ட் ஹொயில் 1742இல் இலண்டனில் நூலெழுதியபின் வழக்குகளைத் தீர்க்க மக்கள் அவர் பெயரைச் சொல்லலாயினர். முந்நூற்று நாலுக்கும் அத்தகையதொரு விதிநூல் வேண்டும் என்போர் உளர். 1983இன் பின் நம்மவர் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சிதறிய நிலையில், வெவ்வேறு ஊர் வழக்குகள் ஒரே மேசையிற் சந்திக்கின்றன. எனவே அவற்றைத் தொகுத்துப் பதிவுசெய்தல் நம் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியே. ஆயினும் ஒன்றைச் சரியென்றும் ஏனையவற்றைப் பிழையென்றும் முத்திரை குத்துவது அப்பணியாகாது. வெல்லாவெளியார் இப்படி ஆடுவர், மண்டூரார் அப்படி ஆடுவர் என எழுதிவைத்தாற் போதும். கடதாசி போடுமுன் வழக்கைப் பேசி முடிவுசெய்வதும், பேசியதற்குக் கட்டுப்படுவதும், அறிந்ததை உரிய வேளையிற் சொல்வதும் ஆடுவோர் கடன். அம்மூன்றையும் எந்த நூலும் அவர்களுக்காகச் செய்து தர இயலாது.