அச்சும் பாடாந்தரமும்: தீட்சிதர் மரபின் காவலர்கள்

1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தபோது அவருடைய கிருதிகளில் ஒன்றுகூட அச்சேறியிருக்கவில்லை. திருவாரூரில் சிலருடைய குரலிலும், தஞ்சையில் சிலருடைய விரலிலும், எட்டயபுரத்தில் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரின் வீட்டிலுமாக அவை பிரிந்து கிடந்தன. இன்று அவை உலகெங்கும் கேட்கின்றன. இடைப்பட்ட காலத்தில் இந்தச் செல்வத்தைச் சுமந்து வந்தவர்கள் இரண்டு வேலைகளைச் செய்தார்கள். ஒன்று, பெற்றதைப் பெற்றபடியே காப்பது. மற்றொன்று, காத்ததைப் பலருக்கும் கொண்டுசேர்ப்பது. இரண்டும் ஒரே தொண்டு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் அளவுகோல் வேறு. காப்பவர் எதையும் சேர்க்கக் கூடாது. பரப்புபவருக்குக் கேட்பவர் மனமும் மேடையின் தேவையும் கணக்கில் வரும். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியதால்தான் தீட்சிதர் கிருதி எது, அதன் உண்மைப் பாடம் எது என்ற குழப்பம் வந்தது. ஒவ்வோர் உருப்படியும் எந்த வழியாக நம்மிடம் வந்தது என்பதைச் சொல்லிப் பாடுவதே இந்த மரபுக்குப் பொருந்தும் தரக்கட்டுப்பாடு என்பது என் கருத்து.

முதலில் சிஷ்யர்களைப் பார்க்க வேண்டும். தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்கள் ஒரு குலத்தவரோ ஒரு தொழிலினரோ அல்லர். தஞ்சை நால்வரான சின்னய்யா, பொன்னய்யா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் நாட்டிய ஆசான்கள். திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்தவர் தம்பியப்பன். நடனக் கலைஞர் கமலம், ஆவுடையார்கோயில் வீரபத்திரய்யா, தேவூர் சுப்பிரமணிய ஐயர் என்று அந்த வரிசை நீள்கிறது. மத்தளக்காரர் கையில் வளர்ந்த கிருதிக்குத் தாளத்தின் நிறை குறையாது. நடனக் கலைஞரிடம் வளர்ந்ததற்குப் பதத்தின் நயம் குன்றாது. வீணையில் வளர்ந்ததற்குக் கமகம் உதிராது. இத்தனை பேரிடம் பிரிந்து போனதே அந்த இசைக்குக் காப்பாயிற்று. ஒரே வீட்டில் மட்டும் தங்கியிருந்தால் அந்த வீட்டின் வறுமையோடும் மறதியோடும் அதுவும் போயிருக்கும்.

குடும்ப வழி எட்டயபுரத்தில் தொடர்ந்தது. பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரனும் அவருக்கே தத்துப்பிள்ளையுமானவர் சுப்பராம தீட்சிதர். 1839இல் பிறந்த அவர் முத்துஸ்வாமி தீட்சிதரை நேரில் கேட்டவர் அல்லர். அவர் பெற்றது பாலுஸ்வாமியின் பாடம். அதை அச்சுக்குக் கொண்டுவரத் தூண்டியவர் குடும்பத்தைச் சேராத சின்னசாமி முதலியார். அவர் கிறிஸ்தவர், சென்னையில் அரசுப் பணியில் இருந்தவர். 1890களின் தொடக்கத்திலேயே தியாகராஜர் கிருதிகளை மேலைநாட்டு ஸ்வரக் குறியீட்டில் அச்சிட்டுக் கைப்பொருளையும் உடல்நலத்தையும் அதில் இழந்தார். சுப்பராம தீட்சிதருக்கோ வித்தையை வெளியில் கொட்டுவதில் தயக்கம் இருந்தது. எட்டயபுரம் அரசரிடம் முதலியார் முறையிட்டார். அரசரின் சொல்லும் பொருளும் துணை நின்றன. அவ்வாறு 1904இல் எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள். தீட்சிதர் கிருதிகள் மட்டும் 229.

அந்த நூலின் பெருமை எண்ணிக்கையில் இல்லை. சுப்பராம தீட்சிதர் ஸ்வரங்களை மட்டும் எழுதிவிட்டு ஓயவில்லை. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, வளி, ஒதுக்கல், ஓரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி வகுத்து ஸ்வரங்களின் மேல் இட்டார். இந்தப் பெயர்களில் பல, வீணைக்காரர்களின் பேச்சுத் தமிழ். எழுத்து தெலுங்கு, சாகித்தியம் சமஸ்கிருதம், விரலின் அசைவுக்குப் பெயர் தமிழ்: தஞ்சைத் தரணியின் சங்கீதம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஸ்வரத்தின் மேல் ஒரு சிறு குறியை இடும்போதே ‘இந்த இடத்தில் இப்படித்தான்’ என்று அறுபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார். நூல் வந்த இரண்டாம் ஆண்டில், 1906இல், அவர் காலமானார். முதலியாரின் பிடிவாதம் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் நமக்கு அந்த நூலே இல்லை.

எட்டயபுரத்துக்கு வெளியே ஓடிய வழிகளில் தலையாயது சாத்தனூர் பஞ்சநத ஐயருடையது. அவர் சுத்தமத்தளம் தம்பியப்பனின் மாணவர். குடும்ப உறவு எதுவும் இல்லாமல் திருவாரூரிலேயே கிளைத்த வழி இது. பஞ்சநத ஐயரிடமிருந்து இரண்டு வீடுகளுக்கு இந்தச் செல்வம் போயிற்று. ஒன்று, சென்னை வீணை தனம்மாளின் வீடு. அங்கிருந்து பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோர் வழியே அது நம் காலம்வரை வந்தது. மற்றொன்று, நாகஸ்வரக் கலைஞர்களான திருப்பாம்புரம் சகோதரர்களின் வீடு. அவர்களில் நடராஜசுந்தரம் பிள்ளை 1936இல் தீட்சித கீர்த்தனைப் பிரகாசிகை என்ற பெயரில் ஐம்பது கிருதிகளைத் தமிழ் எழுத்தில் ஸ்வரப்படுத்தி வெளியிட்டார். அவர் மகன் புல்லாங்குழல் சுவாமிநாத பிள்ளை. அவரிடம் குழல் கற்றவர் தனம்மாளின் பேரன் விசுவநாதன். பஞ்சநத ஐயரிடம் பிரிந்த இரு கிளைகளும் ஒரு குழலில் மறுபடி சேர்ந்தன. தஞ்சை நால்வர் வழியையும் இங்கே மறக்க இயலாது. பின்னாளில் அந்த வழியில் வந்த பொன்னையா பிள்ளை, அவர் மக்கள் கிட்டப்பா பிள்ளை, வீணை சிவானந்தம் என்று அந்த வீடு நாட்டியத்தையும் இசையையும் சேர்த்தே காத்தது.

சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்த பிறகுதான் பரப்பும் பணி முழு வேகம் கொண்டது. 1936இல் அவர் மறைவதற்குள் கல்லிடைக்குறிச்சி வேதாந்த பாகவதர், அனந்தகிருஷ்ண ஐயர், வழக்கறிஞராக இருந்து பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி.எல். வெங்கடராம ஐயர் ஆகியோர் அவரிடம் பாடம் பெற்றார்கள். டி.கே. பட்டம்மாள் அம்பி தீட்சிதரிடமும் வெங்கடராம ஐயரிடமும் கற்றுத் தம் கச்சேரிகளில் இந்தக் கிருதிகளுக்கு முதன்மை கொடுத்தார். சௌக்க காலத்தில் அசையாமல் நின்று பாடும் துணிவைச் சபைகளுக்குக் கற்பித்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் தமிழ் எழுத்தில் பல தொகுதிகள் வெளியிட்டார். மியூசிக் அகாடமி 1961 முதல் பிரதர்சினியைத் தமிழ் எழுத்தில் ஐந்து பாகங்களாகக் கொண்டுவந்தது. தெலுங்கு எழுத்து தெரியாத தலைமுறைக்கு அதன் பிறகே அந்த நூல் கைக்கெட்டியது.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. 229 என்று நின்ற எண்ணிக்கை பிற்காலத் தொகுப்புகளில் 400ஐத் தாண்டிவிட்டது. பிரதர்சினியில் இல்லாததெல்லாம் போலி என்று யாரும் சொல்ல முடியாது. சுப்பராம தீட்சிதருக்குக் கிட்டாதவை திருவாரூரிலும் தஞ்சையிலும் இருந்திருக்கும். ஆனால் தீட்சிதர் தம் கிருதிகளில் வைத்த குருகுஹ என்ற முத்திரை இருப்பதாலேயே ஒன்றைத் தீட்சிதருடையது என்று ஏற்பதும் ஆகாது. அந்த முத்திரையை வைத்துப் பிற்காலத்தவர் ஒருவர் எழுதுவது அரிய செயல் அன்று. நவக்கிரக கிருதிகளையே எடுத்துக்கொள்வோம். பிரதர்சினியில் இருப்பவை ஞாயிறு முதல் சனி வரை ஏழுதான். ஞாயிற்றுக்குத் துருவம், திங்களுக்கு மட்டியம், செவ்வாய்க்கு ரூபகம், புதனுக்கு ஜம்பை, வியாழனுக்குத் திரிபுடை, வெள்ளிக்கு அட, சனிக்கு ஏகம் என்று சூளாதி ஏழு தாளங்களும் ஏழு கிழமைகளுக்கு வரிசை மாறாமல் அமைந்திருக்கின்றன. ஏழாவதோடு அந்தக் கட்டடம் முற்றுப்பெறுகிறது. ராகுவுக்கும் கேதுவுக்கும் அங்கே இடமே விடப்படவில்லை. அந்த இரண்டும் பின்னால் சேர்ந்தவை என்று ஆய்வாளர் சொல்வதற்கு நூலின் மௌனம், அமைப்பின் முழுமை ஆகிய இரண்டும் சான்று. த்விஜாவந்தி ராகத்தில் சேதஸ்ரீ கிருதி நூலில் இருக்க, அதே ராகத்தில், அதைவிடப் பெயர்பெற்ற அகிலாண்டேஸ்வரி அங்கே இல்லாததும் இவ்வாறே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இதற்கு மறுப்பாக மூன்று கேள்விகள் எழுகின்றன. பிரதர்சினியும் ஒரு குடும்பத்தின் பாடம்தானே, அதை ஏன் தலைமேல் வைக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. நியாயமானது. அதனால்தான் ஒரு வழியை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். பாலுஸ்வாமியின் வழியும் தம்பியப்பனின் வழியும் தீட்சிதர் உயிரோடு இருந்த காலத்திலேயே பிரிந்தவை. ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொன்னால் அதை நம்பலாம். எட்டயபுரத்து அச்சும் தனம்மாள் வீட்டுப் பாடமும் ஓரிடத்தில் ஒத்துப்போனால் அங்கே தீட்சிதரே பேசுகிறார் என்று கொள்ளத் தடையில்லை. ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் காப்பாற்ற வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்கு இணங்கத் திருத்துவது சாட்சியைக் கலைப்பதாகும். 1904க்குப் பிறகு அச்சைப் பார்த்துத் தம் பாடத்தைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. ஆகவேதான் நடராஜசுந்தரம் பிள்ளையின் ஐம்பது கிருதிகளுக்கும் பிருந்தா, முக்தா ஒலிப்பதிவுகளுக்கும் இவ்வளவு மதிப்பு.

எழுத்தில் உள்ளது எலும்புக்கூடு, குருமுகமே போதும் என்பது இரண்டாவது. எழுத்து மட்டும் போதாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நொக்கு எங்கே என்று குறி சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அந்த அளவைக் காதுதான் கற்க முடியும். ஆனால் எழுதப்படாத பாடம் நகர்ந்துகொண்டே இருக்கும், நகர்ந்தது நமக்குத் தெரியாது. தீட்சிதர் பின்பற்றிய மேள முறையில் சாமரம் என்ற ராகத்தில் அமைந்தது ஸித்திவிநாயகம். அது இன்று பல மேடைகளில் ஷண்முகப்பிரியா என்ற பெயரிலேயே வருகிறது. வேறொரு மேள முறையின் பெயர் ஏறியதும் அந்த முறையின் பிடிகளும் பின்னோடு வந்து அமர்ந்துவிடுகின்றன. பாடுபவர் தவறு செய்யவில்லை. அவருக்கு வந்த பாடமே அவ்வாறு ஆகிவிட்டது. அச்சு இல்லாவிட்டால் இந்த நகர்வை யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

சங்கீதம் வளரும் கலை, வளர்வதைத் தடுப்பதா என்பது மூன்றாவது. வாதாபி கணபதிம் கிருதிக்குப் பிரதர்சினியில் உள்ள சங்கதிகள் மிகச் சில. மேடையில் நாம் கேட்பதோ அடுக்கடுக்காக எழும் கோபுரம். மகா வைத்தியநாத ஐயர் சேர்த்தவை அவை என்பது வழிவழியாக வரும் செய்தி. அவற்றை நீக்கச் சொல்வது அறிவீனம். அவையும் ஒரு மேதையின் படைப்பு. அவர் பெயரை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். ராகு, கேது கிருதிகளைக் கோயிலில் பாடி வழிபடும் அடியார்களுக்கும் இதையே சொல்லலாம். பக்திக்கு ஆசிரியர் பெயர் தடையாவதில்லை. பாடுங்கள், தீட்சிதருடையது என்று மட்டும் உறுதி கூறாதீர்கள். வளர்ச்சியை ஒப்புக்கொள்பவர் வேரை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு குறையும் உண்டு, இது பரப்புபவர்களின் குறை. உறுதியான சான்றோடு 229 கிருதிகள் கையில் இருக்க, மேடைகளில் திரும்பத் திரும்ப வருபவை அவற்றுள் ஒரு சிறு பங்கு. சான்று உறுதியில்லாத சில, சான்றுள்ள பலவற்றைவிட அதிகமாக ஒலிக்கின்றன. அரிய ராகங்களின் ஒரே அடையாளமாக நிற்கும் கிருதிகள் ஆண்டுக்கணக்கில் பாடப்படாமல் போனால் அச்சில் அவை இருந்தும் காதுக்கு இல்லாமல் போகும். நூலைக் காத்துவிட்டோம் என்று நிறைவடைய இது காரணமாகாது. சின்னசாமி முதலியார் தம் பொருளை இழந்தது அலமாரியில் ஒரு நூல் இருக்க வேண்டும் என்பதற்காக அன்று.

தீட்சிதர் பெயரில் விழா எடுக்கும் சபைகளும், மலர் வெளியிடும் குழுக்களும், கற்பிக்கும் ஆசிரியர்களும் எளிய ஒரு பழக்கத்தைத் தொடங்கலாம். நிகழ்ச்சி நிரலில் ராகம், தாளம் என்று அச்சிடும் இடத்தில் இன்னொரு சொல்லுக்கும் இடம் விடுங்கள்: பிரதர்சினி, தனம்மாள் வழி, திருப்பாம்புரம் வழி, தஞ்சை வழி, பிற்காலத் தொகுப்பு. மாணவருக்கு முதல் பாடம் சொல்லும்போதே இந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். வருகிற தீபாவளிக்குக் குருகுஹ நினைவு விழா நடத்தும் ஒவ்வொரு சபையும் தன் நிரலில் இதை அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.